பேரழிவுக்குப் பிந்தைய ஆட்ட உலகும் தெரிவின் விளைவும்: பழையசீவரம் – திருமுக்கூடல் – உத்தரமேரூர் சான்றுகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பேரழிவுக்குப் பின் எஞ்சிய உலகில் ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தை ஏற்றுத் தம் தெரிவுகளால் கதையை நடத்திச் செல்லும் ஆட்டவகை 1970களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. இவ்வாட்டங்களில் தெரிவின் விளைவு இருவகையாகப் பதிவாகிறது: ஒன்று, பாத்திரத்தின் புண்ணிய பாவக் கணக்காக, மற்றொன்று, பாத்திரம் கடந்து செல்லும் ஊரின் நிலைமாற்றமாக. முதல்வகையைக் குறிக்கக் ‘கர்மா’, ‘அவதார்’ முதலிய இந்தியச் சொற்கள் கடன்கொள்ளப்பட்டன. இரண்டாம் வகைக்கு உரிய விரிவான சான்றுகள் தமிழகக் கல்வெட்டுகளில் உள்ளன. அவை இந்நோக்கில் பார்க்கப்படவில்லை. பழையசீவரத்தின் எதிர்க்கரையிலுள்ள திருமுக்கூடல் கல்வெட்டையும் உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளையும் முன்வைத்து, தமிழ்நிலத்தைக் களமாகக் கொள்ளும் ஓர் ஆட்ட உலகு எதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு ஆட்டம், பேரழிவுக்குப் பிந்தைய உலகு, தெரிவு, விளைவு, திருமுக்கூடல், ஆதுலசாலை, குடவோலை, ஓம்படைக்கிளவி.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றின் வடகரையில் உள்ள சிற்றூர் பழையசீவரம். ஊரை ஒட்டிய குன்றின்மேல் இலட்சுமி நரசிம்மர் கோயில் உள்ளது. ஆற்றின் மறுகரை திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் ஆதலின் அப்பெயர் பெற்றது. ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று நிகழும் பாரிவேட்டை விழாவில் காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குச் செல்கிறார். ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடக்கும் ஆற்றில் ஊர்மக்கள் அன்று கூடுகின்றனர்.

குன்றின் மேலிருந்து காணும் இந்நிலம், ஆட்ட வடிவமைப்பாளர் ஒருவர் வரைய விரும்பும் உலகை ஒத்தது. வறண்ட ஆறு, நிலைத்திருக்கும் கோயில்கள், மறைந்துபோன மருத்துவமனை, அதைப் பற்றிச் சுவரில் எஞ்சிய எழுத்து, இவற்றுக்கிடையே தொடரும் அன்றாட வாழ்வு ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அழிவுக்குப் பிந்தைய உலகைக் காட்டும் கணினி ஆட்டங்கள் பலவற்றில் ஆட்டக்காரர் செய்யும் முதற்பணி, இடிபாடுகளில் கிடைக்கும் ஏடுகளைப் படித்து, ‘இங்கே யார் இருந்தனர், என்ன செய்தனர், ஏன் இல்லாமற் போயினர்’ என்று அறிவதாகும். கல்வெட்டாய்வாளர் செய்யும் பணியும் அதுவே. இவ்வொப்புமை மேலோட்டமானதா, வரலாற்று ஆய்வுக்குப் பயன்படும் அளவுக்கு ஆழமுடையதா என்னும் வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

தமிழில் விளையாட்டு பற்றிய ஆய்வுகள் பெரிதும் நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுப்பதிலும் வகைப்படுத்துவதிலும் நிற்கின்றன. கணினி ஆட்டங்கள் பொழுதுபோக்காகவோ இளைஞரின் தீய பழக்கமாகவோ பேசப்படுகின்றன. ஆனால் இன்றைய மாணவர் தலைமுறை கதையையும் அறத்தையும் வரலாற்றையும் எதிர்கொள்ளும் களங்களுள் அவையும் ஒன்று என்பதை மறுக்கவியலாது. அக்களத்தில் தமிழ் வரலாறு எவ்வாறு இடம்பெறப்போகிறது என்பது தமிழியல் ஆய்வாளரின் கவலைக்குரியதே.

1. பகடையும் தெரிவும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்தோர் ஆடிய பரமபத சோபான படம், அறத்தையே பொருளாகக் கொண்ட ஓர் ஆட்டம். நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் கட்டங்களில் வரையப்பட்டிருக்கும், உச்சியில் பரமபதம். எனினும் இவ்வாட்டத்தில் ஆடுபவர் தெரிவு செய்வதற்கு ஒன்றுமில்லை. தாயக்கட்டை காட்டும் எண்ணே காயை ஏணியடியிலோ பாம்பின் வாயிலோ சேர்க்கிறது. வினைப்பயனைக் காட்டும் ஆட்டத்தில் வினை செய்வதற்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகை இந்திய ஆட்டங்கள் இங்கிலாந்துக்குச் சென்று குழந்தைகளின் பாம்பும் ஏணியுமாக மாறியபோதும் இந்த அமைப்பு மாறவில்லை.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வமைப்பை மாற்றியது. இதில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் ஒருவர் உலகை விவரிப்பார். என்ன செய்வது என்பதை ஆட்டக்காரர் வாய்மொழியாக அறிவிப்பார். அம்முயற்சி வென்றதா தோற்றதா என்பதைப் பகடை சொல்லும். பரமபதத்தில் முழுவதும் ஆண்ட பகடை இங்கே முயற்சிக்கும் முடிவுக்கும் இடையிலான நடுவராகச் சுருங்கியது. எதை முயல்வது என்னும் உரிமை ஆடுபவரிடம் வந்தது.

இவ்வமைப்பு தோன்றிய சில ஆண்டுகளிலேயே அது பேரழிவுக் கதைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. ஜேம்ஸ் வார்டு 1976இல் மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபாவையும், கேரி ஜாக்கெட்டுடன் இணைந்து 1978இல் காமா வேர்ல்டையும் உருவாக்கினார். அணுப்போர் அச்சம் நிலவிய பனிப்போர்க் காலம் இதன் பின்னணி. சட்டமும் அரசும் மறைந்த உலகில் ஒருவரின் தெரிவுக்கு முன்னெழுதிய விடை கிடையாது. ஆகவே தெரிவை மையமாகக் கொண்ட ஆட்டவகைக்குப் பேரழிவுக்குப் பிந்தைய உலகு பொருந்திய களமாயிற்று எனலாம்.

2. ஆளின் கணக்கும் ஊரின் கணக்கும்

தெரிவு பொருளுடையதாக வேண்டுமெனில் அதன் விளைவு எங்கேனும் பதிவாகவேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும்போது நடத்துநரின் நினைவு அப்பதிவைச் செய்தது. கணினிக்கு மாறியபோது எதைப் பதிவு செய்வது, எங்கே பதிவு செய்வது என்பவை வடிவமைப்பாளரின் முடிவுகளாயின. இம்முடிவுகளில் இரு போக்குகளைக் காணமுடிகிறது.

முதற்போக்குக்கு ரிச்சர்ட் கேரியட்டின் நான்காம் அல்டிமா (1985) சான்று. இதில் வெல்வதற்குரிய கொடியவன் எவனும் இல்லை. எட்டு அறங்களில் தேர்ந்து ‘அவதார்’ ஆவதே குறிக்கோள். கண்பார்வையற்ற மூலிகை வணிகரிடம் உரிய விலையைத் தராமல் ஏமாற்றினால் நேர்மை குறையும். இரவலர்க்கு ஈந்தால் இரக்கம் கூடும். இவை அனைத்தும் மறைவான எண்களாகப் பாத்திரத்தின்மேல் ஏறுகின்றன. பரமபதத்தில் இல்லாத தெரிவு இங்கே வந்துவிட்டது. ஆனால் விளைவு ஆளோடு நின்றுவிடுகிறது. ஏமாற்றப்பட்ட வணிகரின் வாழ்வு என்னாயிற்று என்பது ஆட்டத்தின் வினாவாக எழுவதில்லை.

இரண்டாம் போக்குக்கு இன்டர்பிளே நிறுவனத்தின் வேஸ்ட்லேண்ட் (1988) முன்னோடி. அணுப்போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பாலைநிலம் இதன் களம். ஆட்டக்காரர் ஓரிடத்தில் செய்த மாற்றம் வட்டில் பதிவாகி, அவர் திரும்பி வரும்போதும் அவ்வாறே இருந்தது. சிறுவன் ஒருவனின் காணாமற்போன நாயைத் தேடிச் செல்லும் ஒரு நிகழ்வு இதில் வருகிறது. நாய் வெறிகொண்டிருப்பதால் அதைக் கொல்ல நேர்கிறது. பின்னர் அச்சிறுவனே ஆட்டக்காரரின் குழுவைத் தாக்க வருகிறான். நல்லெண்ணத்தில் செய்த செயலையும் ஊர் தன் நோக்கில் நினைவில் வைத்துக்கொள்கிறது.

இவ்விரு போக்குகளும் ஃபால்அவுட்டில் (1997) சந்திக்கின்றன. டிம் கெயின், லெனர்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் முதலியோர் உருவாக்கிய இவ்வாட்டம் நீரில் தொடங்குகிறது. நிலத்தடிக் காப்பகம் ஒன்றின் நீர்த் தூய்மிப்புக் கருவியின் சில்லு பழுதாகிறது. 150 நாளுக்குள் மாற்றுச் சில்லு கொண்டுவரப்படவேண்டும். அச்சில்லு நெக்ரோபொலிஸ் என்னும் பாழடைந்த நகரில் உள்ளது. கதிர்வீச்சால் உருமாறிய மக்கள் அங்கு வாழ்கின்றனர். சில்லை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எடுப்பதற்குமுன் அந்நகரின் பழைய நீர் இறைப்பியைச் சீர்செய்து தரவும் செய்யலாம். சீர்செய்யாமல் எடுத்தால் தம் ஊர் பிழைக்கும், அவர்கள் நீரின்றி மடிவர். ஆட்டத்தின் முடிவில் ஒவ்வோர் ஊரும் என்னவாயிற்று என்று தனித்தனியே சொல்லப்படுகிறது.

இதே ஆட்டத்தில் பாத்திரத்துக்குக் ‘கர்மா’ என்னும் எண்ணும் உண்டு. எனினும் ஆட்டக்காரரின் நினைவில் நிற்பது அவ்வெண் அன்று. நீரின்றி அழிந்த நகரே நிற்கிறது. ஆளின் கணக்கில் ஒரு தீவினையை ஒரு நல்வினையால் ஈடுசெய்துவிடலாம். ஊரின் கணக்கில் அத்தகைய கழித்தல் இல்லை. ஓர் ஊருக்கு நீர் தந்ததால் மற்றோர் ஊரின் இறப்பு நீங்குவதில்லை. பேரழிவுக்குப் பிந்தைய உலகில் தெரிவுக்குக் கனம் தருவது இந்த இரண்டாம் கணக்கே என்பது இக்கட்டுரையின் கருத்து.

இந்தியச் சொற்கள் கடன்கொள்ளப்பட்ட விதம் குறித்து ஒரு செய்தி இங்குச் சுட்டத்தக்கது. ஃபால்அவுட் வரிசையில் இருதலை மாடுகளுக்குப் ‘பிராமின்’ என்று பெயர். 2008இல் அவ்வரிசையின் மூன்றாம் ஆட்டத்தை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் காரணமாகக் கூறப்பட்டன. எப்பகுதி என விளக்கப்படவில்லை. பெயராகவும் எண்ணாகவும் மட்டும் ஒரு பண்பாடு ஆட்டத்துள் நுழையும்போது விவாதமும் பெயரளவிலேயே நின்றுவிடுகிறது.

3. நிலத்தின்மேல் எழுதப்படும் விளைவு

மாய ஆற்றலுடைய கற்பனை உலகில் பேரழிவைப் பொருத்திய ஆட்டங்களுள் டிஎஸ்ஆர் நிறுவனம் 1991இல் வெளியிட்ட டார்க் சன் குறிப்பிடத்தக்கது. திமொதி பிரவுன், டிராய் டென்னிங் ஆகியோர் வடிவமைத்த இவ்வுலகின் பெயர் ஆத்தாஸ். அங்கே மந்திர ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்து எடுக்கப்படுகிறது. அளவறிந்து எடுப்போர் நிலத்தைக் காக்கின்றனர். வேண்டியமட்டும் உறிஞ்சுவோர் விரைவில் வலிமை பெறுகின்றனர். அவர் நின்ற இடம் சாம்பலாகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த உறிஞ்சலால் உலகமே பாலையானது. நீரும் உலோகமும் அங்கே அரும்பொருள்கள்.

இவ்வடிவமைப்பின் சிறப்பு, பேரழிவை ஒருநாள் நிகழ்ச்சியாகக் கொள்ளாமையில் உள்ளது. அழிவு இன்னும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டக்காரரும் அதில் பங்காளி. மந்திரம் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ‘எவ்வளவு எடுப்பது’ என்னும் வினா எழுகிறது. விரைந்த ஆதாயம் எடுப்பவர்க்கு, இழப்பு நிலத்துக்கு.

பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. ஆற்றின் மேற்பரப்பு வறண்டிருந்தாலும் மணலின் அடியில் நீரோட்டம் உண்டு. மணலில் ஊற்றுக்கால் அகழ்ந்து அந்நீரை வயலுக்குக் கொண்டு சென்ற பாசனமுறை பாலாற்றுப் பகுதிக்குரியது. மணல் நீரைத் தாங்கும் கொள்கலம். மணல் அள்ளப்பட்டால் நீர்மட்டம் தாழும். அள்ளுபவர் ஒருவர், கிணறு வற்றுவது வேறொருவர்க்கு. அண்மை ஆண்டுகளில் பழையசீவரம் அருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டதும், 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் சென்றதும் இப்பகுதியினர் நேரில் கண்டவை. வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆற்றில் மாறிமாறி வருவதை அறிந்த மக்களுக்கு அழிவுக்குப் பிந்தைய உலகு முற்றிலும் கற்பனையன்று.

4. தமிழ் மரபில் அழிவும் அதன் பின்னும்

தமிழ் மரபில் அழிவு பற்றிய பேச்சு எழும்போது கடல்கோளே முதலில் நினைவுக்கு வரும். இறையனார் அகப்பொருள் உரை தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டதைக் கூறுகிறது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் விலங்கியல் நோக்கில் முன்மொழிந்த இலெமூரியா பின்னர் இதனோடு இணைக்கப்பட்டுக் குமரிக்கண்டம் என்னும் பெருங்கதை உருவாயிற்று. ஆட்ட வடிவமைப்பாளர்க்கு இது கவர்ச்சியானது. ஆயினும் இதில் இழந்த பெருமை உண்டு. எஞ்சியோரின் தெரிவு இல்லை. கடல் வந்தது, போயிற்று. செய்தவர் என்று எவரும் இல்லை. தெரிவைப் பொருளாகக் கொள்ளும் ஆட்டத்துக்கு இது குறைந்த அளவே உதவும்.

மணிமேகலை வேறுவகையானது. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான்; அதன் விளைவாகப் புகார் கடல்கொள்ளப்படுகிறது. தவறியவன் அரசன், அழிந்தது ஊர். காப்பியம் அழிவோடு முடிவதுமில்லை. வஞ்சியில் இச்செய்தியை அறியும் மணிமேகலை, மழை பொய்த்துப் பசியால் வாடும் காஞ்சிக்குச் சென்று அமுதசுரபியால் உணவளிக்கிறாள். எல்லாத் திசையிலிருந்தும் வந்தோர் அங்கு உண்கின்றனர். வற்றாத கலத்தை ஏந்தியவள் பசியுள்ள ஊரைத் தேடிச் செல்வது அவளது தெரிவு. அழிந்த நகரின் மகள் மற்றொரு நகரின் பசியைத் தன் பொறுப்பாக்கிக்கொள்ளும் இக்கதை, இவ்வாட்டவகையின் கதைப்போக்குக்கு நெருக்கமானது. அதன் இறுதிக் களம் பழையசீவரத்தை அடுத்துள்ள காஞ்சியே என்பதும் கருதத்தக்கது.

எனினும் அமுதசுரபி வற்றாதது. வற்றும் கலத்தைக் கொண்டு ஓர் ஊரைப் பேணுவது எவ்வாறு என்னும் வினாவுக்குக் காப்பியத்தைக் காட்டிலும் கல்வெட்டே விடை தருகிறது.

5. திருமுக்கூடல்: பேணுதலின் கணக்கு

திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (ஏறத்தாழ 1068) உள்ளது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை எபிகிராஃபியா இண்டிகா தொகுதியில் பதிப்பித்துள்ளார். சனநாத மண்டபத்தில் நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை ஆகியவற்றுக்கான செலவு இதில் இனம் இனமாக வகுக்கப்பட்டுள்ளது. ஆதுலசாலையில் நோயாளர்க்குப் 15 படுக்கைகள். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்குரிய மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர், மற்றும் பிற பணியாளர் இருந்தனர். இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயும், ஆண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் குறிக்கப்பட்டுள்ளன.

மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர்க்கு 30 கலம் நெல். ஆண்டை 360 நாளாகவும் கலத்தைப் 12 குறுணியாகவும் கொண்டால் மருத்துவர்க்கு நாளுக்கு 3 குறுணி, அறுவை செய்பவர்க்கு நாளுக்கு 1 குறுணி என்று கணக்கு மீதமின்றி முடிகிறது. கல்வெட்டை வகுத்தோர் நாட்கூலியிலிருந்து ஆண்டுச் செலவுக்குச் சென்றனர் என்பதை இதனால் உணரலாம்.

ஆட்ட வடிவமைப்பாளர் இதனைப் படித்தால், தம் துறையில் ‘வள ஒதுக்கீடு’ என்று வழங்கும் அட்டவணையை உடனே அடையாளம் காண்பார். இன்ன வருவாய், இன்ன செலவு; ஒன்று குறைந்தால் எது நிற்கும் என்று கணிக்க இயலும். வயலைக்காவூரிலிருந்து வரவேண்டிய நெல் ஓராண்டு குறைந்தால் யாருடைய பங்கைக் குறைப்பது? மூலிகை கொணர்வோரை நிறுத்தினால் மருந்து இருப்பு அற்றுப்போகும். பேணும் பெண்டிரை நிறுத்தினால் 15 படுக்கையும் வீண். விளக்கெண்ணெயை நிறுத்தினால் இரவு நோயாளர் இருளில் கிடப்பர். அரக்கனையோ பகைவனையோ கொண்டுவராமல், பற்றாக்குறை ஒன்றாலேயே கனமான தெரிவை எழுப்பும் அமைப்பு இது. ஃபால்அவுட்டின் நீர்ச்சில்லு எழுப்பிய வினா இங்கே நெல்லின் வடிவில் நிற்கிறது.

இன்று ஆதுலசாலை இல்லை. அதன் கணக்கு மட்டும் கல்லில் உள்ளது. தமிழகத் தானக் கல்வெட்டுகளின் இறுதியில் பொதுவாக இடம்பெறும் ஓம்படைக்கிளவியை இங்கு எண்ணிப்பார்க்கலாம். இவ்வறத்தைக் காத்தவர் பாதம் தன் தலைமேல் என்றும், அழித்தவர் பெரும்பாவம் கொள்வர் என்றும் கூறும் மரபு அது. பின்வரும் தலைமுறையை நோக்கிய பேச்சாகிய அது, இனிமேல் வருபவர்முன் காத்தல், அழித்தல் என்னும் இரு வழிகளை வைக்கிறது. பாவம் என்னும் ஆளின் கணக்கை அச்சுறுத்தலாகக் காட்டினாலும் அதன் நோக்கம் ஊரின் கணக்கைக் காப்பதே. ஆகவே இருவகைக் கணக்குகளையும் தமிழ்க் கல்வெட்டு மரபு அறிந்திருந்தது. முதலாவதை இரண்டாவதற்குக் காவலாக வைத்தது எனலாம்.

6. உத்தரமேரூர்: தெரிவுக்கு உரியவர் யார்?

பழையசீவரத்துக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (919, 921) வாரியத் தேர்வு முறையை விதிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டுச் சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. 921ஆம் ஆண்டு விதிப்படி கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, மறைக்கல்வி ஆகியன தகுதிகள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்க்கு மட்டுமின்றி அவருடைய தாய்வழி, தந்தைவழி உறவினர்க்கும் குடத்தில் இடமில்லை. இவ்வாறு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவை 360 நாளுக்கு அமைந்தன.

ஆட்டவியல் நோக்கில் இது பரமபதத்துக்கும் பாத்திரமேற்பு ஆட்டத்துக்கும் இடைப்பட்ட அமைப்பு. யார் வருவார் என்பதைக் குடம் முடிவு செய்கிறது. குடத்துள் யார் பெயர் செல்லலாம் என்பதை விதி முடிவு செய்கிறது. மீண்டும் செல்லலாமா என்பதை அவர் காட்டிய கணக்கு முடிவு செய்கிறது. தவற்றின் விளைவு உறவினர்மேலும் படர்வதால், ஒருவரின் செயலைச் சுற்றத்தார் கவனிக்கும் நிலை உருவாகிறது. ஆளின் கணக்கை ஊரின் கணக்கோடு பிணைக்கும் வழி இது.

ஆனால் இச்சான்றைப் பெருமைக்குரியதாக மட்டும் காண்பது பிழை. இது பிராமணச் சபையின் விதி. நிலமற்றோர், பெண்டிர், உழுதொழிலாளர் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. ஏரி உடைந்தால் முதலில் பாதிக்கப்படுவோருள் பலர் ஏரி வாரியத்துக்கு உரியரல்லர். ஆகவே இந்நிலத்தைக் களமாகக் கொள்ளும் ஆட்டத்தில் எப்பாத்திரத்தை ஏற்கிறோம் என்பதே முதல் தெரிவாகும். வாரியப் பெருமகனாக ஆடுபவர்க்கும், திருமுக்கூடல் ஆதுலசாலையில் நோயாளரைப் பேணிய பெண்ணாக ஆடுபவர்க்கும் திறக்கும் வழிகள் ஒன்றாக இருக்கமுடியாது. அவ்வேறுபாட்டை மறைத்து எல்லார்க்கும் ஒரே வழிகளைத் தருவது ஆட்டத்துக்கு எளிது, வரலாற்றுக்கு முரண்.

7. வடிவமைப்புக்கான கருதுகோள்கள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு கருதுகோள்களை முன்வைக்கலாம்.

முதலாவது, தெரிவின் விளைவு நிலத்திலும் நிறுவனத்திலும் பதிவாகவேண்டும். ஏரியின் நீர்மட்டம், நெல்லிருப்பு, ஆதுலசாலையின் படுக்கைகள் ஆகியவையே ஆட்டத்தின் அளவைகளாகலாம். புண்ணிய பாவ எண் தேவையெனில் அது ஊரார் பேச்சாக வெளிப்படலாம்.

இரண்டாவது, அழிவு முடிந்துபோன நிகழ்ச்சியாக அமைதல் கூடாது. ஆத்தாஸில் போலவும் பாலாற்றில் போலவும் அது ஆட்டக்காரரின் செயலால் தொடரவோ தணியவோ வேண்டும்.

மூன்றாவது, எஞ்சிய ஏடுகளும் எழுத்துகளும் ஐயத்தோடு படிக்கப்படவேண்டும். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா ஆட்டம் இவ்வகையில் நல்ல முன்மாதிரி. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அன்னையின் சிதைந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்த பகுதிகளை ஊகித்து நிறைவு செய்து சமைக்கிறாள். அது பேரழிவுக் கதை அன்று; ஆயினும் சிதைந்த பாடத்தை மீட்டெடுத்தல் என்னும் ஆய்வாளர் செயலை ஆட்டத்தின் நடுவே வைத்தது. எழுத்துச் சிதைந்த கல்வெட்டைப் படிப்பதும் இவ்வாறே ஆட்டச்செயலாக அமையமுடியும். தவறாகப் படித்தால் அதன் விளைவும் உண்டு.

நான்காவது, கோபுரமும் தூணும் சிற்பமும் பின்னணி ஓவியமாக நிற்பதால் மட்டும் ஓர் ஆட்டம் தமிழ் உலகாகிவிடாது. அக்கோயிலில் நெல் யார் அளந்தார், யார் பெற்றார், யார் வெளியே நின்றார் என்பவை ஆட்டத்தின் விதிகளாகும்போதே அது வரலாற்றுக்கு நெருங்குகிறது. இப்பணிக்கு வடிவமைப்பாளரும் கல்வெட்டாய்வாளரும் ஒருங்கே அமரவேண்டும். நாம் அமராவிடில் தமிழ் வரலாறு அக்களத்தில் வெறும் அலங்காரமாகவோ இழந்த கண்டத்தின் ஏக்கமாகவோ மட்டுமே தோன்றும்.

முடிவுரை

பரமபதம் வினைப்பயனைக் காட்டியது, தெரிவைத் தரவில்லை. நான்காம் அல்டிமா தெரிவைத் தந்து விளைவை ஆளின்மேல் எழுதியது. வேஸ்ட்லேண்டும் ஃபால்அவுட்டும் டார்க் சன்னும் விளைவை ஊரின்மேலும் நிலத்தின்மேலும் எழுதின. இவ்வரிசையில் பேரழிவுக்குப் பிந்தைய உலகுக்குப் பொருந்துவது இறுதிப் போக்கு என்பது இக்கட்டுரையின் முடிபு. அப்போக்குக்குரிய நுண்ணிய சான்றுகள் திருமுக்கூடலிலும் உத்தரமேரூரிலும் கல்லில் உள்ளன. அவற்றைப் பொற்காலத்தின் சாட்சியாக மட்டும் காட்டிவந்த நாம், வற்றக்கூடிய வளத்தை வைத்து ஓர் ஊர் தன்னைப் பேணிக்கொள்ள முயன்ற கணக்காகவும், அம்முயற்சியில் சிலரை வெளியே நிறுத்திய கணக்காகவும் படிக்கவேண்டியுள்ளது.

கோயிலைச் சூழ்ந்த நிலவருவாய், வாரியம், நீர்மேலாண்மை ஆகியன குறித்த பிற கல்வெட்டுகளையும் இந்நோக்கில் அட்டவணைப்படுத்துவது அடுத்தகட்ட ஆய்வாக அமையலாம். திருமுக்கூடலின் 15 படுக்கைகளுக்கு நெல் அளந்தவர்கள் தமக்குப்பின் வருவோரை நம்பியே அக்கணக்கைக் கல்லில் வெட்டினர். பாலாற்றின் இரு கரைகளிலும் இன்று கைப்பேசியில் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞரும் அவ்வாறு பின்வந்தோரே. அக்கணக்கை அவர்கள் கையில் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை.